ஜூலை வரைக்கும் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

வியாழக்கிழமை ராத்திரி அக்காவிடமிருந்து போன்.

"டேய், சனிக்கிழமை உனக்கு லீவுதானே? ஒரு மரம் வாங்கணும், கூட வா."

"என்ன மரம்?"

"கிறிஸ்துமஸ் மரம்தான்."

"பரண் மேல அட்டைப்பெட்டியில பிளாஸ்டிக் மரம் இருக்கே!"

"அது வேண்டாம். தொட்டியில வளர்ற நிஜ மரம். பாப்பாவே செலக்ட் பண்ணட்டும்."

பாப்பா என்றால் அக்கா மகள். வயது 2 வருடம் 4 மாதம். இட்லி வேண்டும் என்று அழுது, இட்லி வந்ததும் அது உடைந்திருக்கிறது என்று அழுகிற வயது. அவள் மரம் செலக்ட் பண்ணப் போகிறாளாம்! ஒரு தலைப்புக்கு ஐந்து பேர் அடித்துக்கொள்கிற டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் உட்கார்ந்திருப்பவன் நான். இது அதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியேதான் இருந்தது மக்களே.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். சின்ன வயதில் எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் மரம் என்பது சவுக்குக் கொப்புதான். டிசம்பர் 23-ம் தேதி வாக்கில் அப்பா எங்கிருந்தாவது ஒரு கொப்பை வெட்டிக்கொண்டு வருவார். பெயின்ட் டப்பாவில் மண்ணை நிரப்பி நட்டு, கலர் பேப்பர் சுற்றி, பஞ்சைப் பிய்த்து 'பனி' போடுவோம். நாலே நாளில் காய்ந்து உதிர ஆரம்பிக்கும். புது வருஷத்துக்குள் அடுப்புக்குப் போய்விடும். பிறகு பிளாஸ்டிக் மரம் வந்தது. அது உதிராது, காயாது. ஜனவரியில் பெட்டிக்குள் போய் அடுத்த டிசம்பரில்தான் வெளியே வரும்.

நிஜ மரம் என்றதும் அப்பா போனிலேயே சிரித்தார். "தொட்டியோட வாங்கப் போறியளா? ரெண்டு கொப்பு போதாதாக்கும்?"

அக்கா ஏன் பிடிவாதமாக இருக்கிறாள் என்று எனக்கும் அப்போது புரியவில்லை.

மரவட்டையும் மழைத்தண்ணியும்

சனிக்கிழமை காலை 9 மணிக்கெல்லாம் மேடவாக்கத்தில் கிளம்பிவிட்டோம். இந்த நேரத்தை அக்கா யோசித்துத்தான் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு, மதியத் தூக்கம் சொக்க ஆரம்பிப்பதற்கு முன்பு. பையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மாற்று டிரஸ் ஒன்றுக்கு இரண்டு. "நர்சரிக்குப் போறோமா, நாலு நாள் டூர் போறோமா?" என்று கேட்டேன். முறைப்புதான் பதில்.

ஈ.சி.ஆர். ஓரமாக வரிசையாக இருக்கும் நர்சரிகளில் ஒன்றில் இறங்கினோம். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் தரை முழுக்க சேறு. வாசலிலேயே சிவப்புச் சிவப்பாக பாயின்செட்டியா தொட்டிகள். பாப்பா நேராக ஓடிப்போய் ஒரு இலையைப் பிடித்தாள். "பால் வரும்மா, கைல பட்டா சிலருக்கு அரிக்கும்" என்று நர்சரி அண்ணன் ஓடி வந்தார். முதல் அழுகை அங்கே.

கிறிஸ்துமஸ் மரங்கள் நிழல்வலைக்குக் கீழே அடுக்கியிருந்தன. முக்கால் அடிக் குட்டியிலிருந்து என் உயரம் வரைக்கும். அடுக்கடுக்காக, ஒவ்வொரு தட்டிலும் சுற்றிலும் கிளை விரித்து, குடை மேல் குடை வைத்த மாதிரி அழகாக இருந்தன. அக்கா கண்கள் விரிந்தன. பாப்பா? அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மரவட்டை போய்க்கொண்டிருந்தது.

"ரயில்! ரயில் போது!"

அடுத்த பத்து நிமிடம் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. மரம் இல்லை, அம்மா இல்லை, மாமா இல்லை. மரவட்டை ஒரு தொட்டிக்கு அடியில் போய் மறைந்ததும் இரண்டாவது அழுகை. அதை நிறுத்த நர்சரி அண்ணன் ஒரு பச்சை நிறப் பூவாளியைக் கையில் கொடுத்தார். சிரிப்பு வந்தது. கூடவே என் ஷூவுக்குள் தண்ணீரும் வந்தது.

"பாப்பா, எந்த மரம் வேணும்?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாம்."

நாங்கள் செய்த தவறு அதுதான். ஐம்பது மரத்துக்கு நடுவில் நிறுத்தி 'எது வேணும்' என்று கேட்டால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். நர்சரி அண்ணனுக்கு அனுபவம் இருந்தது. "அம்மா, நீங்க முதல்ல நல்லதா மூணு எடுத்து தனியா வைங்க. அந்த மூணுல எதைத் தொட்டாலும் சரின்னு நீங்க முடிவு பண்ணிட்டு, அப்புறம் குழந்தைகிட்ட கேளுங்க."

மூன்று மரம் எடுக்க அவர் சொன்ன கணக்கு

கேட்டுக்கொண்டே போனில் குறித்துக்கொண்டேன். நீங்களும் வாங்கப் போவதாக இருந்தால் உதவும்.

முதலில் உச்சியைப் பாருங்கள். நடுத்தண்டின் நுனி உடையாமல், வெளிர்பச்சையில் புதுத்துளிர் இருக்க வேண்டும். இந்த மரத்தில் நுனி ஒடிந்தால் பழைய கோபுர வடிவம் திரும்ப வருவது கஷ்டம்.

அடுத்தது அடிக்கிளை. கீழே இருக்கும் கிளை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. அதனால் கீழ்த்தட்டு முழுசாக இருக்கிற செடியாகப் பார்க்க வேண்டும். மேலே மட்டும் பச்சையாக இருந்து, கீழே பழுப்பாக இருந்தால் வேண்டாம்.

பிறகு தண்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து அசையாமல் நின்றால் வேர் பிடித்திருக்கிறது. தொளதொள என்று ஆடினால் நேற்றுத்தான் தொட்டி மாற்றியிருக்கிறார்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா, தண்ணீர் வடிகிறதா என்பதையும் பாருங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொன்றும் முக்கியம். மண்ணில் எறும்புப் புற்று இருக்கிறதா, மேலே உரக் குருணை கிடக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். குழந்தை கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கிற உயரத்தில்தான் தொட்டி இருக்கப் போகிறது.

"லேசா சாஞ்சிருந்தா?" என்றேன்.

"வெளிச்சம் ஒரே பக்கமா வந்திருக்கும் தம்பி. வாரத்துக்கு ஒருக்கா தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வச்சா நிமிர்ந்துரும்."

பக்கத்திலேயே இரண்டு மாற்றுச் செடிகளும் இருந்தன. தூஜாவும் கோல்டன் சைப்ரஸும். இரண்டும் கூம்பாக வளரும். ஆனால் இலை நெருக்கமாக இருப்பதால் அலங்காரம் தொங்கவிட இடைவெளி இருக்காது. தொங்கவிட வசதியானது இந்தத் தட்டுத் தட்டான மரம்தான். நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்று கேட்டாலே இதைத்தான் எடுத்துத் தருகிறார்கள். நிஜப் பெயர் அராக்கேரியா.

இது எந்த ஊர் மரம்?

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நியூசிலாந்துக்கு மேலே, பசிபிக் கடலில் நார்ஃபோக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 1774-ல் கேப்டன் குக் அங்கே இறங்கியபோது பார்த்த மரம் இது. நேராக, உயரமாக நின்றதைப் பார்த்து கப்பல் பாய்மரத்துக்கு ஆகும் என்று நினைத்தாராம். இன்றைக்கும் அந்தத் தீவின் கொடியில் இந்த மரம்தான் இருக்கிறது. கடல்காற்றையும் உப்பையும் தாங்கும். 'நார்ஃபோக் பைன்' என்று பெயர் இருந்தாலும் பைன் குடும்பம் கிடையாது. எங்கள் அப்பாவின் சவுக்கும் அப்படித்தான், பார்க்க ஊசியிலை மாதிரி இருக்கும், ஆனால் வேறு குடும்பம்.

இதற்கு ஓர் அண்ணன் முறை மரமும் உண்டு. குக் பைன் என்று பெயர், நியூ கலிடோனியா தீவுக்காரர். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால் ஒன்றின் பெயரில் இன்னொன்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. குக் பைனுக்கு ஒரு விசித்திரக் குணம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து கண்டங்களில் இந்த மரங்களை அளந்து பார்த்தார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே நிற்பவை தெற்குப் பக்கமும், தெற்கே நிற்பவை வடக்குப் பக்கமும் சாய்ந்திருந்தன. அதாவது எங்கே இருந்தாலும் நடுக்கோட்டைப் பார்த்துதான் சாய்கின்றன!

வெளிநாடுகளில் பெரும்பாலும் ஃபிர், ஸ்ப்ரூஸ் வகைகளை வெட்டித்தான் வீட்டுக்குள் வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஓரிகன், நார்த் கரோலினா மாநிலங்களில் இதற்கென்றே பண்ணைகள் உண்டு. ஆறடி மரம் வளர ஏழெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் பெரிய மரம் லண்டனில் வளர்ந்ததே அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக, 1947-லிருந்து வருஷா வருஷம் நார்வேயின் ஆஸ்லோ நகரம் கடல் தாண்டி அனுப்பி வைக்கிறது.

குவைத்திலிருந்து ஒரு ஓட்டு

நர்சரிக்கு வருவோம். மூன்று மரம் தனியாக வைத்தாயிற்று. ஒன்று நாலடி, போட்டோவில் வருகிற மாதிரி அம்சமாக இருந்தது. அக்காவுக்கு அதில்தான் கண். இரண்டாவது மூன்றடி, நல்ல அடர்த்தி. மூன்றாவதும் ஏறக்குறைய அதே உயரம், ஆனால் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அப்போது அக்காவின் போன் அடித்தது. அத்தான். குவைத்தில் வேலை. இங்கே 9.45 என்றால் அங்கே 7.15, வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து வீடியோ காலில் வந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு லீவு, அதுவும் ஜூலையில்தான் கிடைக்கிறது. பாப்பா பிறந்த பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. போன ஜூலையில் வந்தபோது, பாப்பா அவரிடம் போக நாலு நாள் ஆனது. போனில் 'அப்பா, அப்பா' என்று முத்தம் கொடுக்கிற பிள்ளை, நேரில் பார்த்ததும் அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது. ஐந்தாவது நாள்தான் மடியில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் போனபோது ஏர்போர்ட்டில் நான்தான் கூடப் போனேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

"பாப்பா, எந்த மரம்?" என்று ஸ்க்ரீனில் கேட்டார்.

பாப்பா பூவாளியைக் காட்டினாள்.

"சரி, உன்னை மாதிரியே உயரமா ஒரு மரம் இருக்கா பாரு?"

இப்படிக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. பாப்பா யோசித்தாள். போய் நாலடி மரத்தின் பக்கத்தில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். "இது மாமா." அடர்த்தியான இரண்டாவது மரம். அதன் ஓர் இலையைத் தொட்டு, "குத்து" என்று கையை எடுத்துவிட்டாள். மூன்றாவதன் பக்கத்தில் போய் நின்றாள். தன் தலையில் ஒரு கை, மரத்தின் உச்சியில் ஒரு கை. நுனியைப் பிய்த்துவிடப் போகிறாளோ என்று எங்கள் மூன்று பேருக்கும் உயிரே போய்விட்டது. பிய்க்கவில்லை.

"இது பாப்பா" என்றாள்.

சாய்ந்த மரம்தான். அக்கா ஒரு முறை நாலடி மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள், "ஏங்க, இது ஜூலைல நீங்க வர்றப்பவும் இருக்கும். பெட்டிக்குள்ள போகாது. நீங்க வந்ததும் ஸ்டார் மாட்டிடுவோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரீனில் பஸ் ஜன்னல் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. "இறங்கணும், வைக்கிறேன்" என்று கட் பண்ணிவிட்டார்.

850 ரூபாய் சொன்னார்கள். 700-க்கு முடிந்தது. பூவாளிக்குத் தனியாக 80 ரூபாய். அதில் பேரம் பேச முடியவில்லை, அது பாப்பாவின் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே

மரத்தைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி கார் சீட்டுக்குக் கீழே நிறுத்திக்கொண்டு வந்தோம். வீட்டில் எங்கே வைப்பது என்பது அடுத்த பஞ்சாயத்து. ஹாலில் ஏ.சி. காற்று நேராகப் படுகிற இடம் கூடாது. டிவிக்குப் பின்னால் இருட்டு மூலையும் கூடாது. கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் முடிவானது. கிறிஸ்துமஸ் வரை அங்கே, பிறகு பால்கனி. இருட்டிலிருந்து ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை கருகிவிடும். நிழலில் சில நாள், பிறகு காலை வெயில் என்று பழக்க வேண்டும். ஏப்ரல், மே மாத மதிய வெயில் நேராகப் படாமல் ஒரு நிழல்வலை கட்டிவிட்டால் தாண்டிவிடும் என்று நர்சரி அண்ணன் சொல்லியிருக்கிறார்.

பாப்பா இழுத்தால் சாயாமல் இருக்க, தொட்டியைக் கனமான பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் செங்கல் துண்டுகளை வைத்தோம். மண் மேல் அழகுக்குக் கூழாங்கல் போடலாம் என்றேன். "தொண்டைல போற சைஸ்ல எதுவும் வேண்டாம்" என்று அக்கா தடுத்துவிட்டாள். கண்ணாடி உருண்டைகளுக்கும் தடை. பதிலுக்கு துணியில் தைத்த நட்சத்திரம், பேப்பர் மணி, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பனையோலைக் கிலுக்கு. எல்லாம் எடை இல்லாதவை. இந்த மரத்தின் கிளை மெல்லிசு, கனமாகத் தொங்கவிட்டால் வளைந்துவிடும். ஸ்ப்ரே பனி, ஜிகினாத் தூளும் கூடாது. இலை மூச்சுவிட வேண்டும், பாப்பாவும் மூச்சுவிட வேண்டும். சீரியல் லைட் சூடாகாத எல்.இ.டி., அதுவும் மேல் தட்டில் மட்டும். தூங்கும்போது சுவிட்ச் ஆஃப். வீட்டில் நாய், பூனை இருந்தால் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுக்கும்.

அன்றைக்கு நாங்கள் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. பழைய பெட்டியில் ஒரு பாடும் ஸ்டார் இருந்தது. அமுக்கினால் பாட்டு வரும். பாப்பா அதை ஆட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று பாட்டு நின்றது. அக்கா பாய்ந்து பிடுங்கினாள். பின்பக்க மூடி கழன்றிருந்தது, ஸ்க்ரூவே இல்லை. உள்ளே இருந்த பட்டன் பேட்டரி பாயில் கிடந்தது. கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அக்காவின் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயற்சிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உங்கள் வீட்டு அலங்காரப் பெட்டியை இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ப்ளீஸ்.

விரல் வைத்தியம்

இப்போது மரத்துக்கு இருக்கும் ஒரே ஆபத்து பாப்பாவின் பாசம். காலையில் எழுந்ததும் பூவாளி. பால் குடித்ததும் பூவாளி. "தம்பி குளிக்கணும்." மரம் இரண்டே நாளில் தம்பி ஆகிவிட்டது. நர்சரிக்கு போன் போட்டோம். "தண்ணி இல்லாம செத்த செடியைவிட தண்ணி ஊத்தியே செத்த செடிதான்மா ஜாஸ்தி. வேர் அழுகிரும்" என்றார். அவரே வழியும் சொன்னார். குழந்தையின் விரலை மண்ணில் வைக்கச் சொல்லுங்கள். விரலில் மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்து உதிர்ந்தால் அடியில் வடியும் வரை ஊற்றலாம்.

மண்ணில் விரல் விட அனுமதி கிடைத்தால் எந்த இரண்டு வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? இப்போது தினமும் காலையில் விரலை விட்டு, எங்களிடம் காட்டுகிறாள். ஒட்டியிருந்தால், "தம்பி குளிச்சாச்சு" என்று அவளே தீர்ப்பு சொல்லிவிட்டு, பூவாளியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுகிறாள்.

நேற்று அத்தான் போன் பண்ணியபோது நான் அங்கே இருந்தேன். பாப்பா போனை வாங்கி மரத்தின் கிளையில் சாய்த்து வைத்தாள். "தம்பி, அப்பா பேசறா" என்றாள். அந்தப் பக்கம் அத்தான் மரத்திடம், "சாப்டியா?" என்று கேட்டார். பாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி குடிச்சான்" என்று பதில் சொன்னாள்.

ஜன்னல் பக்கச் சுவரில் அக்கா பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். ஒன்று பாப்பாவின் உயரம், ஒன்று மரத்தின் உயரம். இரண்டுக்கும் பக்கத்தில் டிசம்பர் என்று எழுதியிருக்கிறது. வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் பார்த்தால் திட்டுவார். மாதம் ஒரு கோடு போட்டால் ஜூலைக்குள் எட்டு எட்டாகப் பதினாறு கோடு வரும். தொட்டியில் இருக்கிற மரம் மெதுவாகத்தான் வளரும், எனவே பாப்பா ஜெயித்துவிடுவாள் என்பது என் கணிப்பு.

நடுவில் ஒரு சென்னை மே மாதம் இருக்கிறது. மரம் தாண்டுமா என்று தெரியாது. தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் ஜூலையில் இதே பகுதியில் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் போன வருஷம் வாங்கின மரம் இன்னும் உயிரோடு இருந்தால், கோடைக்கு என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். தம்பிக்குத் தேவைப்படும்.